வெடிச்சத்தத்தோடு தொடங்கிய பாட்டு

தம்பிக்கு ராப் பைத்தியம் பிடித்தது கனடாவிலிருந்து மச்சான் அனுப்பிய சீடிகளால்தான். எனக்கு அந்தப் பாட்டுகளைக் கேட்டாலே எரிச்சல். ஒரு வரியில் படித்து முன்னேறு, சனத்தைத் தூக்கிவிடு என்பார்கள். அடுத்த வரியில் எதிரியின் மண்டையைப் பிளப்பேன் என்பார்கள். பனிக்குள் தடித்த சட்டை போட்டுக்கொண்டு துவக்கால் சுடுவதைப் பற்றி எவனும் பாடலாம். திருகோணமலையில், கடற்படை முகாமுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பாடிப் பார்க்கட்டும்.

தம்பி பாடினான். சந்தைக்கு அருகே சீடி பதிவுசெய்து கொடுக்கும் கடையில் அவனுக்கு வேலை. எதிரே இருந்த தையல் கடையில் எனக்கு வேலை. கடைக் கணினியில் அவனே ஒரு பாட்டைச் செய்தான். பள்ளிக்கூடத்தை விடாதே, தலை குனியாதே, ஊருக்காக நில் என்று தாளில் எழுதிக் காட்டினான். நல்ல வரிகள்தான். ஆனால் பாட்டைப் போட்டதும் தொடக்கத்திலேயே படபடவென்று வெடிச்சத்தம், அதோடு நிறுத்தச் சொன்னேன்.

“படி எண்டு சொல்லுறதுக்கு ஏன்டா சுடுறாய்?”

“சுடாட்டி ஆர் அக்கா திரும்பிப் பாக்கிறது? வாத்திமாரும் இதைத்தான் சொல்லினம். ஆரும் கேட்டவையே?”

“அப்ப நீ துவக்கு வைச்சிருக்கிற வாத்தி.”

“ஓம், அடி விழாது. வெடிதான்” என்று சிரித்தான்.

ஒரு சனிக்கிழமை காலை, கடையின் பெரிய ஸ்பீக்கரை வீதிப் பக்கம் திருப்பி அதைப் போட்டான்.

அந்தச் சண்டைக் காலத்தில் எங்கள் வீதியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கடை ஷட்டரை இழுத்தால் எல்லாக் கடையும் இழுக்கும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டு நின்றவர்கள் செத்திருக்கிறார்கள். அன்று அந்த வெடிச்சத்தத்தைக் கேட்டு முதலில் இழுத்தது பலசரக்குக் கடைக்காரர். பிறகு வீதி முழுவதும் இரும்பு இறங்கும் சத்தம். கிண்ணியாவிலிருந்து துணி வாங்க வந்த பெண்கள் எங்கள் கடைக்குள் பாய்ந்தார்கள். நான் தையல் மேசைக்குக் கீழே குப்புறப் படுத்தேன். முகத்துக்கு முன்னால் ஒரு பொத்தான் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் வரவில்லை. ஒன்றும் வரவில்லை. உடம்புக்குப் படுக்கத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

சோதனைச்சாவடியிலிருந்து கடற்படைக்காரர்கள் ஓடிவந்து ஸ்பீக்கரை உதைத்தார்கள். ஊர்ந்து போய் ஷட்டர் இடுக்கால் பார்த்தேன். தம்பி ஏதோ விளக்கம் சொல்ல வாய் திறந்தான். அறைந்து ஜீப்பில் ஏற்றினார்கள். எங்கள் ஒழுங்கை வீடுகளிலிருந்தே அப்படி ஏற்றப்பட்டுத் திரும்பி வராதவர்கள் உண்டு.

நானும் அம்மாவும் முகாம் வாசலில் போய் நின்றோம். அம்மா அழவில்லை. நானும் அழவில்லை. வெயிலில் நின்றோம். காவலுக்கு நின்றவன் போகச் சொன்னான். கொஞ்சம் தள்ளிப்போய் நின்றோம்.

பின்னேரம் விட்டார்கள். உதடு கிழிந்திருந்தது. வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்த பிறகு சொன்னான். தமிழ் தெரிந்த ஒருவன் பாட்டை முழுதாகக் கேட்டு, வரி வரியாகச் சிங்களத்தில் சொன்னானாம். அவர்களின் பெரியவன் கேட்டானாம், பிள்ளைகளைப் படிக்கச் சொல்லும் பாட்டில் துவக்குக்கு என்ன வேலை என்று.

“அவங்கள் மட்டும்தான் அக்கா கடைசிவரைக்கும் கேட்டவங்கள்” என்றான். “நீயெண்டாலும் கேட்டனியே?”

“இல்லை. மேசைக்குக் கீழ கிடந்தனான். ஒரு சொல்லும் விளங்கேல்லை.”

அவன் தலையாட்டினான். அம்மா சோறு போட்டுக் கொடுத்தா. உதடு எரிந்ததால் குழம்பு விடாமல் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.