சகலைக்குக் காகிதப் பூ

ஆண்டிமடத்தில் மேடை சோடிக்கிற அய்யம்பெருமாளைத் தெரியாதவர் குறைவு. காதுகுத்துக்கும் அவர்தான், கட்சிக் கூட்டத்துக்கும் அவர்தான். ஒரு முறை மோட்டார் கொட்டகைக்கே பலூன் கட்டினார். அப்படிப்பட்டவர் சொந்த மகள் தமிழ்மொழியின் கல்யாணத்தில் வந்து மாட்டிக்கொண்டார்.

எல்லாம் சகலை அருள்முருகனின் மகள் அபிநயாவால் வந்தது. அரியலூரில் இங்கிலீஷ் படிக்கிற பெண்.

"பெரியப்பா, டெக்கரேஷன்ங்கறது லத்தீன்லேருந்து வந்துச்சு. மானம், மரியாத, அழகு எல்லாம் அந்த ஒரு வேருக்குள்ளயே இருக்கு. பட்டாளத்துல மெடல் குத்துறதுக்கும் டெக்கரேஷன்னுதான் பேரு."

அய்யம்பெருமாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை காலமும் யாருக்கு எவ்வளவு மரியாதை என்று பார்க்காமலே பூவை வாரி இறைத்துவிட்டாரே!

மகள் கல்யாணத்தில் அந்தக் குறையைத் தீர்த்தார். நாற்காலிக்கு நாற்காலி உறவுக்காரர் பேரை ஒட்டி, முறைக்குத் தக்க பூக் கட்டினார். மாப்பிள்ளையின் தாய்மாமன் ராசாங்கத்துக்கு ரோசா. சித்தப்பாமாருக்குச் சம்பங்கி. பங்காளிகளுக்குச் செவ்வந்தி. சகலைக்குக் காகிதப் பூ.

"யோவ் சகலை, எனக்குக் காயிதமா?" என்றார் அருள்முருகன்.

"உம் மவ சொன்ன அர்த்தந்தான்யா. ஒரே வூட்டுல பொண்ணு எடுத்தவங்க நாம. நமக்குள்ள என்ன மரியாத?"

"அப்ப நான் உக்காரல."

அவர் நிற்கவும் செவ்வந்திக்காரர்கள் சம்பங்கியைப் பார்த்தார்கள், சம்பங்கிக்காரர்கள் ரோசாவைப் பார்த்தார்கள். மண்டபமே எழுந்துவிட்டது.

"நான் மட்டும் உக்காந்தா பூவுக்கு அலைஞ்சவன்னு சொல்லுவாங்க" என்று ராசாங்கமும் எழுந்தார். தாய்மாமன் நிற்கும்போது மாப்பிள்ளை மணையில் இருக்கலாமா? அவரும் எழுந்தார். முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது.

அய்யம்பெருமாள் ஓடிப்போய், சகலையின் நாற்காலிக்குச் சுற்றலாம் என்று ராசாங்கத்தின் ரோசாச் சரத்தை உருவினார்.

"குடுத்த மரியாதையப் புடுங்குறீங்களா? டேய் கலைச்செல்வா, கெளம்புடா தா.பழூருக்கு!"

மாப்பிள்ளை மாலையைக் கழற்றக் கைவைத்துவிட்டார். தமிழ்மொழி மணையை விட்டு எழுந்து ராசாங்கத்தைப் பார்த்தாள்.

"மாமா, நீங்க நில்லுங்க. எல்லாரும் ஒண்ணா நிக்கிறோம்ல, இதுக்கு மேல என்ன மரியாத வேணும்? ஏங்க, நின்னுக்கிட்டே கட்டுங்க!"

மாப்பிள்ளை மாலையை விட்டுவிட்டுத் தாலியை எடுத்தார். மேளக்காரர் உட்பட அத்தனை பேரும் நிற்கத் தாலி ஏறியது. நாற்காலிகள் மட்டும் பூவும் பேருமாக வரிசையாக உட்கார்ந்து கல்யாணம் பார்த்தன.

மறுநொடி கூட்டம் பந்திக்கு ஓடியது. அங்கே வெறும் பெஞ்சுதான். முதல் ஆளாக அருள்முருகன், அவர் தோளை இடித்துக்கொண்டு ராசாங்கம்.

"எலையப் போடுங்கய்யா, காலு கடுக்குது!"