பாவாடை கட்டின ஆமி

கனடாவில் எதற்கும் ஒரு வழி உண்டு, அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. உரிய ஆளைப் பிடித்துச் சிரித்துக் கதைத்தால் எந்தக் காரியமும் நடக்கும் என்பார். கதைக்க அவருக்குப் பிரெஞ்சு போதாது. அதற்கு நான் இருந்தேன். எனக்கு வயது ஒன்பது.

கொழும்பில் அவசரமாகக் கலியாணம் செய்துவிட்டு மாமா திரும்பி வந்திருந்தார். ஸ்பொன்சர் சரிவரும்வரை யாழ்ப்பாணத்திலேயே காத்திருந்த மாமி, ஒரு வசந்தத்தில் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார். வில்லரே பகுதியில் இருந்த எங்கள் வீட்டு முன்னறையை அவர்களுக்குக் கொடுத்தோம். மாமி அதிகம் பேசமாட்டார். ஆனால் அம்மாவைப் போல இழுக்காமல் எனக்குத் தலை பின்னிவிடுவார். எனக்கு அது ஒன்றே போதும்.

குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது மாமியின் ஆசை. அதற்குப் பிரெஞ்சு வேண்டும். மாலை வகுப்பில் சேர்த்துவிட்டோம். வகுப்புக்குப் போகும் தெருவில் ஒரு பழைய இராணுவப் பயிற்சிக் கூடம் இருந்தது. கோடை பிறந்ததும் அவர்களுடைய பாண்ட் வாத்தியக் குழு வாரத்தில் ஒரு மாலை தெருவில் இறங்கி, கொஞ்சத் தூரம் மேளத்தோடு மட்டும் நடந்து, பிறகு ஊதிப் பழகும். ஸ்கொட்லாந்து ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட பாவாடை, கனத்த சப்பாத்து, கக்கத்தில் பையை இடுக்கி ஊதும் பாக்பைப். தொடங்கும்போது யாரோ அழுவதுபோல் இருக்கும். கொஞ்ச நேரத்தில் அது பாட்டாகி ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். மூலைக்கடை டெப்பனருக்குப் பால் வாங்கப் போகிற எனக்கே கால்கள் தாமாக இடது வலது போடும்.

அந்த மாலைகளில் மட்டும் மாமி போன வேகத்தில் திரும்பி வந்துவிடுவார். கேட்டால், "நாளைக்குப் போறன்" என்பதோடு சரி. இனியும் தவறினால் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டிவரும் என்று ஆசிரியை சொல்லியனுப்பினார். மாமி அன்று சாப்பிடவில்லை.

காரணத்தை மாமா கண்டுபிடித்தார். "உந்தப் பைப் கத்துற கத்துக்கு நாயே ஓடும். அவள் பயப்பிடாமல் என்ன செய்வாள்?"

தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு, பாண்ட் தலைவரைப் பார்க்கப் போனார். சிவந்த முகமும் பருத்த முழங்காலுமாக அந்தப் பெரியவர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். பீரங்கிச் சத்தத்திலும் கேட்கக்கூடியது பைப் ஒன்றுதானாம். அந்தக் காலச் சண்டைகளில் ஊதுகிறவன் கையில் ஆயுதமில்லாமல் முன்னால் நடப்பானாம். நாள் முழுக்க நடந்து கால் புண்ணானவனுக்கும் பைப் ஊதினால் தன் காலடியே கேட்காதாம், அது கேட்காவிட்டால் பயமும் பாதிதானாம். நான் மொழிபெயர்க்க, மாமா ஏதோ முன்பே தெரிந்ததுபோலத் தலையாட்டினார். பிறகு விஷயத்தைச் சொன்னோம். மாமி கடந்து போகும்வரை பைப்பை நிறுத்துவதாக அவர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரம் மாமியை வகுப்புக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு எனக்கு. தெரு முனையில் எங்களைக் கண்டதும் தலைவர் கையை உயர்த்தினார். பைப்புகள் முனகி ஓய்ந்தன. எதிர்ப்பக்க நடைபாதையில் மாமா பூரித்துப்போய் நின்றார். பாண்ட் நிற்காமல் நடந்து வந்துகொண்டிருந்தது. ஒற்றை மேளத்தில் ஒரு தட்டு, அதனோடு அத்தனை சப்பாத்துகளும் சேர்ந்து ஒரு மிதி. வேறு சத்தமே இல்லை.

மாமி என்னை இழுத்துக்கொண்டு ஒரு வீட்டின் வெளிப்படிக்கட்டுக்கு அடியில் குந்தினார். அவருடைய கை என் வாயைப் பொத்தியது. விளையாட்டு என்று நினைத்து நான் உள்ளுக்குள் சிரித்தேன். மாமா ஓடி வந்தார்.

"நிப்பாட்டியாச்சு தானே. இனி என்னத்துக்குப் பயம்?"

மாமி அவரைப் பார்க்கவில்லை. "அவையை வாசிக்கச் சொல்லுங்கோ" என்றார். "கெதியாச் சொல்லுங்கோ."

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். பைப்புகள் மறுபடி அழுது, பாட்டாகின. மாமி எழுந்து உடுப்பைத் தட்டிவிட்டு, அந்தப் பாட்டின் பக்கத்திலேயே தெரு முடியும்வரை நடந்து வகுப்புக்குப் போனார். அதன்பிறகு ஒரு வகுப்பும் தவறவில்லை. பாண்ட் பழகும் மாலைகளில் முனையில் நின்று, பைப் தொடங்கிய பிறகே நடப்பார். மாமிக்குச் சங்கீத ஞானம் வந்துவிட்டது என்று வீட்டில் சிரித்தோம். மாமா ஒரு பாக்பைப் சீடியும் வாங்கிக் கொடுத்தார். ஊரில் ஆமி வீதிக்கு வருமுன்பே விமானம் ஏறியவர் அவர். மாமி அங்கேயே, அந்தச் சப்பாத்துச் சத்தத்துக்குள் இருந்தவர். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

மாமி இப்போது லவாலில் ஒரு காப்பகத்தில் வேலை செய்கிறார். பிள்ளைகளுக்கு அவர்மேல் கொள்ளை ஆசை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அண்மையில் ஒளித்து விளையாடும்போது அவள் சிரித்துக் காட்டிக்கொடுத்துவிடுவாளே என்று வாயைப் பொத்தினேன். மூக்கும் சேர்ந்து மூடப்பட்டு, மூச்சுத் திணறி என் கையைக் கடித்துவிட்டாள்.

அன்று படிக்கட்டின் கீழே எனக்கு மூச்சு முட்டவில்லை. மாமியின் கை என் வாயை மட்டும் மூடி, மூக்கை விட்டுவைத்திருந்தது. அப்படிப் பொத்துவதற்குக் கை பழகியிருக்க வேண்டும். எந்தப் பிள்ளையின் வாயில் பழகியது என்று மாமியிடம் கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.