ஓரத்தில் வாங்கிய பஞ்சர்

காலை ஏழே காலுக்கு எங்கள் கால்நடை மருந்தகத்து டாக்டர் போனில் கூப்பிட்டார். "மாதம்மாள் மேடம் தவறிட்டாங்கப்பா" என்றார். என் வாயில் முதலில் வந்தது, "வண்டியா சார்?" என்பதுதான். வண்டி இல்லை. வீட்டில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. அன்று நான் செய்தி சொன்ன அத்தனை பேரும் என்னைப் போலவே "வண்டியா?" என்று கேட்டார்கள். பென்னாகரத்தைச் சுற்றியுள்ள காட்டோர ஊர்களுக்கு இத்தனை காலம் மோட்டார் சைக்கிளில் போய் வந்த பெண்ணைப் பற்றி வேறு என்ன கேட்பார்கள்? அவர் ஒருமுறைகூட விழுந்ததில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவரை விழவைக்க இருந்தவன் நான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவர் கால்நடை ஆய்வாளர், நான் அதே மருந்தகத்தில் உதவியாளர். முகாமுக்குப் போகும் நாட்களில் அவர் ஓட்டுவார், நான் தடுப்பூசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் டீக்கடையில் ஒருவர், "பொம்பளை ஓட்டறாங்க, ஆம்பளை சொகுசா வர்றாரு" என்று கேலி செய்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேடம் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "வண்டியை யாரு வேணும்னாலும் ஓட்டலாங்க. மருந்தைக் காப்பாத்தறதுதான் வேலை. அது அவரு மடியில இருக்குது." அதன்பின் அந்தக் கடையில் யாரும் என்னைச் சீண்டவில்லை.

அவருடைய வண்டியில் டியூப்லெஸ் டயர். முள் குத்தினால் ஓட்டையில் ரப்பர் திரியைத் திணித்து, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிடுவார்கள். எங்கள் ரோட்டில் முள்ளுக்குப் பஞ்சமா? பின் டயரில் மூன்று திரி எப்போதும் இருக்கும். "மாட்டுக்கு நான் போட்ட தையலைவிட உங்க டயர்ல ஜாஸ்தி, மாத்தித் தொலைங்கம்மா" என்பார் டாக்டர். மேடம் அசரமாட்டார். "எல்லாம் நடுவுல வாங்குனது சார், ஓடும். ஓரத்துல ஒண்ணு வாங்கட்டும், அன்னைக்கே மாத்திடறேன். ஓரம் வளைஞ்சு நிமிர்ற எடம், அங்க திரி நிக்காது" என்பார். திரி போட்டால் பயந்து வண்டியை நிறுத்துகிறவரும் இல்லை, எதையும் பார்க்காமல் ஓட்டுகிறவரும் இல்லை.

இவ்வளவும் தெரிந்த நான் செய்ததைக் கேளுங்கள். தங்கை நிச்சயதார்த்தத்துக்குப் பாலக்கோடு போக அவர் வண்டியை இரவல் வாங்கினேன். தக்காளி மார்க்கெட் பக்கம் ஏதோ கம்பி குத்தி டயரின் ஓரத்தில் ஓட்டை. பஞ்சர் கடைக்காரர் திரி போட்டுவிட்டு, "சைடுல வாங்கியிருக்குதுங்க. வூடு போய்ச் சேரலாம், அப்புறம் மாத்திடுங்க" என்றார். தலையாட்டினேன். வண்டியைக் கழுவித் துடைத்து ஒப்படைத்தேன், திரியைப் பற்றி வாய் திறக்கவில்லை. திரி சைலன்சர் மறைக்கும் பக்கம் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒன்பது நாள் ஓடிவிட்டது. அந்த ஒன்பது நாளும் காலையில் அவர் தன் மகள் நித்யாவைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளியில் விட்டுவந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பத்தாம் நாள் மலைக்குக் கீழே ஓர் ஊரில் ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி முகாம். பெரிய இறக்கம் தொடங்கும் இடம் வந்தது. "மேடம், நிறுத்துங்க" என்றேன்.

"ஐஸ் ஒழுகுதா?"

"இல்லீங்க. டயரு."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் இறங்கி, குனிந்து, விரலில் எச்சில் தொட்டுத் திரியின்மேல் வைத்தார். சின்னதாக ஒரு குமிழி கிளம்பியது. "எத்தனை நாளாச்சு?" என்றார். "ஒம்பது நாளுங்க." நிமிர்ந்து இறக்கத்தைப் பார்த்தார். "பாப்பா ஒக்காந்து போச்சே" என்றார். அவ்வளவுதான். நாலு அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

திரும்பிவிடுவோம் என்று நினைத்தேன். அவர் வண்டியைப் புளியமரத்தடியில் பூட்டினார். "ஆட்டை மேய விடாமப் பட்டியில அடைச்சு வெச்சிருப்பாங்க. பெட்டியை எடு குமாரு, நடந்துருவோம்" என்றார். ஐஸ் கரைவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனோம். பெட்டியைத் தொட்டபோது சில்லென்றுதான் இருந்தது. கடைசி ஆடுவரை ஊசி போட்டார். "வண்டி எங்கீங்க டாக்டரம்மா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "மேலயே நிக்குதுங்க. டயரு சரியில்லை. குமாரு நல்ல நேரத்துல சொன்னாரு" என்றார் மேடம். நான் சிரிஞ்சைக் கழுவுவதுபோல் திரும்பிக்கொண்டேன். மறுநாளே டயரை மாற்றினார். அதன்பிறகும் வண்டியை இரவல் கேட்டபோதெல்லாம் கொடுத்தார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபின் நித்யாவிடம் போனேன். இப்போது அவளுக்கே ஒரு குழந்தை. இதற்கு மேல் சுமக்க முடியவில்லை. "ஓரத்துல பஞ்சரான டயர்ல ஒம்பது நாள் உன்னை ஏத்திட்டுப் போனாங்கம்மா. பஞ்சராக்குனது நான். தெரிஞ்சும் மறைச்சேன்" என்றேன். "மறைச்சீங்கன்னு எனக்கு இப்பத்தாங்கண்ணா தெரியும். 'அந்த எறக்கத்துல குமாரு சொல்லலைன்னா உனக்கு அம்மா இல்லை'ன்னு மட்டும்தான் அம்மா சொல்லுவாங்க" என்றாள்.

மகளைப் பணயம் வைத்தவனை அவர் தன் வீட்டுக்குள் காப்பாற்றியவன் என்றே சொல்லி வைத்திருந்திருக்கிறார். மறைத்த குமாரை வாசலைத் தாண்டி விடவேயில்லை, சொன்ன குமார்தான் அந்த வீட்டில் இத்தனை வருடம் இருந்திருக்கிறான். அவனை எனக்கு இதுவரை தெரியாது, மேடம். இனி நான் அவனை வைத்துக்கொள்கிறேன்.