வாய்க்குத்தான் விரதம்

வோட்கா பாட்டிலின் மூடியைத் திருகி, உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு, இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்து, முகத்தை அதற்குள் புதைத்துக்கொள்கிறார் பங்காரு. கழுத்தில் மாலை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கப் போகிறார். வாய்க்குத்தான் விரதம், மூக்குக்கு இல்லை என்பது அவர் கட்சி.

"மாலைய போட்டுகினு செய்ற வேலையா இது?" என்கிறார் மனைவி கௌரியம்மாள்.

"நான் எங்க குடிச்சேன்? மோந்துகினுதானே கீறேன்."

அரக்கோணம் சாலையில் ஒரு பாரில் சப்ளையர் அவர். வெளியூரிலிருந்து பாட்டில் வாங்கி வருகிறவர்கள் அசலா போலியா என்று கேட்டு முதலில் அவரிடம்தான் நீட்டுவார்கள். சரக்குகளை ஆட்களைப் போலவே பேசுவார். ரம் முரடன், ஆனால் உள்ளே ஒன்றும் கிடையாது. பிராந்தி வரும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வரும். "வோட்கா இருக்கானே, அவன் வாயத் தொறக்காத ஆளுங்க. பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தாலும் தெரியாது." அதற்கு வாசனையே இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால் மட்டும் கோபம் வந்துவிடும். "வாசன இல்லாத சரக்கே கெடையாது. மோந்து பாக்கத் தெரியாதவங்கதான் இருக்காங்க."

இத்தனை காலமும் தள்ளாடுகிறவர்களைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றியவர், ஒரே மகள் மோனிகாவுக்கு வரன் பார்த்தபோது போட்ட நிபந்தனையும் ஒன்றே ஒன்றுதான்: குடிக்கிறவனுக்குப் பெண் கிடையாது. பார்க்காரர் வாயில் வருகிற பேச்சா இது என்று தெருவே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அவர் அசையவில்லை. வைகாசியில் ஆர்.கே.பேட்டைப் பையன் பிரகாஷுக்குக் கொடுத்தார். ஆடிக்கு மகள் தாய்வீடு வந்திருக்கிறாள். இன்று மாப்பிள்ளைக்கு விருந்து. பக்கத்துப் போர்ஷன்காரன் என்பதால் எனக்கும் ஓர் இலை. இந்தக் கோதுமை வோட்கா, மாமனாருக்கென்று மாப்பிள்ளை ஆசையாக வாங்கி வந்தது.

"எப்படி மாமா?"

பங்காரு கண்ணைத் திறக்காமலே சொல்கிறார். "பெரிய எடத்து சரக்கு இல்ல. எல்லா கடையிலயும் கெடைக்கிறதுதான். ஆனா யோக்கியமா காச்சிகீறான். ஆஸ்பத்திரி நெடி இல்ல. கை காஞ்சப்புறம் பாரு, ஆறிப்போன கோதும கஞ்சி மாதிரி லேசா ஒரு இனிப்பு நிக்குது. தொண்டைய அறுக்காது. சாது."

புகழ்ச்சி தனக்கே கிடைத்த மாதிரி பிரகாஷ் பூரித்துப் போகிறான். "அதான் மாமா இதுல விசேஷமே! ராத்திரி போட்டுட்டு வூட்டுக்குப் போனா ஒருத்தருக்கும் தெரியாது. டெய்லி அப்படித்தான் போறேன், மோனிகாவுக்கே இன்னும் தெரியல."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்கிறான். பங்காருவின் கைகள் முகத்தைவிட்டு மெல்லக் கீழே வருகின்றன. முருகன் கோயில் மலைமேல் ஒலிபெருக்கியில் யாரோ காணாமல் போன குழந்தையின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"மோனிகா, இங்க வாம்மா."

பாயசக் கரண்டியோடு வந்து நிற்கிறாள். "என்னா நைனா?"

கரண்டியை வாங்கிக் கீழே வைக்கிறார். அவள் உள்ளங்கையை விரித்து நாலு சொட்டு விடுகிறார். தன் கைகளுக்கு நடுவே அதை வைத்துச் சூடேறத் தேய்க்கிறார். ஈரம் காயும்வரை பொறுத்திருந்து, மகளின் கையை அவள் மூக்கருகே கொண்டுபோய், அங்கேயே பிடித்துக்கொண்டிருக்கிறார்.