மாசிலாமணி அண்ணன் கொண்டுவந்த கொடி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பழைய பட்டாளக் கொடிகள் வைத்திருக்கும் அறையின் ஈரப்பதத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தேன். மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கும் எங்கள் அருங்காட்சியகத்தில் என்னுடைய அன்றாட முதல் வேலை அதுதான். உப்புக்காற்று பட்டால் பழைய பட்டு பொடிந்துபோகும். அப்போதுதான் எஸ்தர் அழைத்தாள். கருங்குழி மாசிலாமணி அண்ணனின் மகள்.

"அக்கா, அப்பா பூட்டாருக்கா. டீ குடிச்சினு இருந்தாரு. டம்ளர கீய வச்சாரு. அப்டியே சாஞ்சிட்டாரு."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு. "பயந்தாராம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. "இல்லக்கா. அதுக்கு நேரமே இல்ல" என்றாள்.

மதுராந்தகத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையில் பஸ்ஸில் போய்வந்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. பணி ஓய்வு பெறும்வரை அந்தத் தடத்தில் நடத்துநர். "உள்ள போ, உள்ள போ, படிக்கட்டுல இன்னா வேல?" என்று அவர் போடும் சத்தம் முன் கண்ணாடிவரை கேட்கும். படாளத்திலிருந்து கல்லூரிக்குப் போன நாட்களில் நானும் அந்தக் குரலுக்கு மிரண்டு உள்ளே நகர்ந்தவள்தான். அந்தக் குரலை உடையவர் வாழ்நாள் முழுவதும் எவ்வளவு பயத்தோடு இருந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அதை எழுதலாமா என்று அவர் மனைவி ரூத் அக்காவிடம் கேட்டேன். "எய்து. அவுரே மறைக்கல, நாம இன்னாத்துக்கு மறைக்கணும்?" என்றார். அந்த அனுமதியோடு எழுதுகிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு மதியம், அவர் ஆட்டோவில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டியைக் கயிற்றால் பல சுற்றுச் சுற்றியிருந்தார். உடம்பில் படாமல் இரண்டு கைகளையும் நீட்டித் தூக்கிவந்து, வாசலுக்கு வெளியிலேயே வைத்தார். "மேடம், இது உள்ள வரலாமா? கேட்டுட்டுத்தான் தூக்கினு வரணும்" என்றார். அவர் யாரென்று குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். பஸ்ஸில் கேட்ட குரலில் பாதிகூட இல்லை.

நானே தூக்கிவந்து திறந்தேன். அவர் கதவோரமாகவே நின்றார். உள்ளே காய்ந்த வேப்பிலை, கறுத்துச் சுருங்கிய எலுமிச்சை, சின்ன மரச் சிலுவை. அவற்றுக்கு அடியில் நான்காக மடித்த வெள்ளைப் பட்டு. நடுவில் சிவப்பு வட்டம். வட்டத்தைச் சுற்றி நாலா பக்கமும் கறுப்பு மையில் எழுத்துகள். ஒரு மூலையில் பழுப்பாகக் கறை. போருக்குப் போகும் ஜப்பானியச் சிப்பாய்கள் உடம்போடு கொண்டுபோன கொடி அது. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் அறையில் பட்டாளக் கொடிகள் நிறைய இருந்தன, இப்படி ஒன்று இல்லை.

"நைனா பர்மா சண்டைல இருந்து கொண்டாந்தது" என்றார். அவருடைய தந்தை, கூலிக்கு நிலத்தில் வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, பசிக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தவர். திரும்பி வந்தபோது அவர் கையில் இருந்தது இந்தப் பெட்டி. "எய்தி கீது பாருங்க, அது செய்வினைன்னு எங்கம்மா சொல்லும். சர்ச்சுல ஜெபம் பண்ணி சிலுவ வாங்கியாந்துச்சு. அப்பயும் மனசு கேக்காம அம்மன் கோயில் பூசாரிகிட்ட போயி எலுமிச்சம்பயம் வாங்கியாந்துச்சு. என் தம்பி காய்ச்சல்ல செத்தான். மாடு செத்துது. எது நடந்தாலும் எங்க எல்லார் கண்ணும் பரண்மேல போவும்."

"எரித்திருக்கலாமே?"

"எரிச்சி, இன்னும் கோவம் வந்துட்டா?"

அப்போது எஸ்தருக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. அதன் பிறகுதான் பெட்டியை வீட்டிலிருந்து வெளியேற்ற அவர் துணிந்தார். கொடி தந்தைக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். "கீய கெடந்துச்சாம். எடுத்தாராம்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. அப்படியே எழுதிக்கொண்டேன்.

கொடுத்ததோடு போய்விடுவார் என்று நினைத்தேன். மாதம் ஒருமுறை வர ஆரம்பித்தார். செங்கல்பட்டில் ஒன்று, திருக்கழுக்குன்றத்தில் ஒன்று என்று பஸ் மாறி வருவார். கண்ணாடிப் பேழைக்கு நான்கடி தள்ளி நிற்பார். "இங்க எதுனா ஆச்சா மா?" என்பதுதான் ஒவ்வொரு முறையும் முதல் கேள்வி. 'மேடம்' எப்போது 'மா' ஆனது என்று நினைவில்லை. ஒருமுறை எங்கள் காவலாளி லோகுவுக்கு மஞ்சள்காமாலை வந்தது. செய்தி தெரிந்ததும் மறுநாளே கீழாநெல்லியோடு வந்து நின்று, லோகுவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று லோகுவுக்கு இன்றுவரை புரியவில்லை.

சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லித்தரும் ஓர் அம்மையாரிடம் கொடியின் படங்களை அனுப்பிவைத்தேன். பத்து நாளில் பதில் வந்தது. அதில் மந்திரம் எதுவும் இல்லை. போரில் நல்லகாலம் நீடிக்கட்டும் என்று பெரிய எழுத்தில் ஒரு வாழ்த்து. மற்றதெல்லாம் பெயர்கள். உறவினர்கள், அக்கம்பக்கத்தார், பள்ளி ஆசிரியர் ஒருவர், அரிசிக்கடைக்காரர் ஒருவர். கறை பட்ட மூலைக்குப் பக்கத்தில், "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று ஓர் அக்கா எழுதியிருந்தாள்.

அவர் பயம் தீர்ந்துவிடும் என்ற சந்தோஷத்தில் அதை அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பேரா? அத்தினியும் பேரா?"

"ஆமாம் அண்ணா. செய்வினை எதுவும் இல்லை."

"செய்வினன்னா மந்திரிச்சித் தள்ளிடலாம் மா. பேருக்கு இன்னா பண்றது?"

அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்கும் அந்தக் கொடியைப் பார்க்கப் பயமாக இருந்தது.

கொடியில் இருந்த ஊர்ப் பெயரை வைத்து அந்த அம்மையாரே தேடினார். ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் குடும்பம் கிடைத்தது. இறந்த சிப்பாயின் தம்பி மகன், மோரி என்பவர், தபால் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், நேரில் வந்து கொடியை வாங்கிக்கொள்ள விரும்புவதாக எழுதினார். மாசிலாமணி அண்ணன் அதைக் கேட்டதும் வெளிறிப்போனார். "போலீஸ் கேஸு ஆவுமா?" என்றார். ஆகாது என்றேன். அவர் நம்பவில்லை.

மோரி வருவதற்கு மூன்று நாள் முன்பு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார். "கொடி கீய கெடக்கல மா" என்றார்.

சாகக் கிடந்தபோது தந்தை அவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். புதர்க்காட்டில், கோடை வெயிலில், மற்றவர்களைத் தவறவிட்டுத் தனியாக வந்திருக்கிறார் தந்தை. ஒரு மரத்தடியில் ஒருவன் படுத்துக் கிடந்தான். இவரைப் பார்த்ததும் கையைத் தூக்கினான். கையில் ஏதோ சுருட்டி இருந்தது. வெடிகுண்டு என்று நினைத்துத் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திவிட்டார். கையை விரித்துப் பார்த்தால் துணி.

"நைனா வீரன்லாம் இல்ல மா. பயந்துட்டாரு. அந்தாளு காய்ச்சல்ல எய்ந்துக்க முடியாம கெடந்துருக்காரு. அந்தத் துணிய எங்க வெச்சிட்டு வர்றதுன்னு தெரியாம சட்டைக்குள்ள போட்டுனு வந்துட்டாரு."

நான் அப்போது சொன்னதை இங்கே மறைக்கப்போவதில்லை. "அண்ணா, இதை அவரிடம் சொல்ல வேண்டாம். கீழே கிடந்தது என்றே இருக்கட்டும்" என்றேன். எங்கள் நிர்வாகியும் அதையே சொன்னார். வெகுதூரத்திலிருந்து வருகிறவரை ஏன் நோகடிக்க வேண்டும் என்றார். மாசிலாமணி அண்ணன், "சரி மா" என்று எழுந்து போனார்.

மோரி வந்த அன்று மாசிலாமணி அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். எஸ்தர் மறுபடியும் கர்ப்பமாக இருந்தாள். கொடி பக்கம் போகவே கூடாது என்று ரூத் அக்கா சொல்லியும் கேட்காமல் வந்திருக்கிறார். நீள மேசையில் கொடியை விரித்திருந்தோம். மோரி ஒல்லியான மனிதர். கொடியை நோக்கிக் குனிந்து வணங்கினார். பிறகு அதைத் தொடாமல், விரலைக் காற்றில் ஓட்டி ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஓரிடத்தில் நின்றார். அது தன் தந்தையின் பெயர், அப்போது அவர் பள்ளிச் சிறுவன் என்று சொன்னார். சென்னை அம்மையார் மொழிபெயர்த்தார்.

பிறகு, நாங்கள் எதிர்பார்த்த கேள்வி வந்தது. இது உங்கள் தந்தையிடம் எப்படி வந்தது?

நிர்வாகி தொண்டையைச் செருமினார். அவர் பேசுவதற்குள் மாசிலாமணி அண்ணன் எழுந்துவிட்டார். கால் ஆடியது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அது கீய கெடக்கல சார்."

எல்லாவற்றையும் சொன்னார். ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார், அம்மையார் அதைச் சொல்லி முடிக்கும்வரை மோரியின் முகத்தைப் பார்ப்பார், அடுத்த வாக்கியம். குத்தியதைச் சொன்ன இடத்தில் அம்மையார் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மோரி ஒன்றே ஒன்று கேட்டார். கடைசியில் அவர் ஏதாவது சொன்னாரா?

"சொன்னாராம் சார். எங்க நைனாவுக்கு அப்ப பெரிய மீச. அந்தாளு அவரு மூஞ்சியவே பாத்துனு மீசு, மீசுன்னாராம். ரெண்டு மூணு தபா. மீசைய இன்னாத்துக்கு சொல்றான்னு நைனாவுக்குப் புரியல. ஊருக்கு வந்ததும் மொத வேலயா மீசைய எடுத்துட்டாரு. சாவுற வரிக்கும் வெக்கவே இல்ல."

அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மோரி கண்களை மூடி, "மிஸு" என்று மெதுவாகச் சொன்னார்.

"ஆமா சார், ஆமா, அதான்" என்று மாசிலாமணி அண்ணன் அவசரமாகத் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னா மா? அப்டின்னா இன்னா?"

எனக்கும் தெரியவில்லை. அம்மையார்தான், மேசையைப் பார்த்தபடி சொன்னார். "தண்ணீர்."

மாசிலாமணி அண்ணன் உட்காரவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய துண்டுக்குள்ளிருந்து, "நைனா இடுப்புல தண்ணி இருந்திருக்கும். எப்பவும் இருக்கும்னு சொல்வாரு" என்றது கேட்டது. அதையும் மொழிபெயர்க்கச் சொல்லி அம்மையாரிடம் கை காட்டினார்.

மோரி அழுததையோ, எழுந்து வந்து கட்டிக்கொண்டதையோ எழுத முடிந்தால் எனக்கும் நிம்மதியாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. போர் முடிந்த பிறகு தங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்ததாகவும், அதற்குள் ஒரு கல் மட்டுமே இருந்ததாகவும் சொன்னார். போருக்குப் போன தன் அண்ணன் எங்கே, எப்படி இறந்தான் என்று தன் தந்தை கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாராம். "இது கேட்பதற்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் நீங்கள் சொன்னீர்கள்" என்றார். கொடியை மடித்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி, மாசிலாமணி அண்ணனைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். இவர் கும்பிட்டார். அது மன்னிப்பா, வெறும் மரியாதையா? எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். வழியில் இரண்டு முறை "தண்ணி" என்றார்.

எஸ்தருக்கு அந்த வருடம் பெண் குழந்தை பிறந்தது. கொடி போனதால்தான் பிறந்தது என்று உறவினர்கள் சொன்னார்கள். அவர் ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் மாதாமாதம் வந்தார். காலியாக இருந்த பேழையைப் பார்த்தார். பயம் போய்விட்டதா என்று ஒருமுறை கேட்டேன். "எங்க மா போவுது? கூடத்தான் கீது. ஆனா இப்ப அத ஆர்கிட்ட வேணா சொல்லலாம்" என்றார்.

கருங்குழிக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தபோது பழைய நடத்துநர்கள், ஓட்டுநர்கள் என்று பெரிய கூட்டம். அவருடைய சத்தத்தைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், அழுதார்கள். நான் அவர் சன்னமாகப் பேசிய பேச்சை நினைத்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் கூடத்தில் பட்டாளக் கொடி ஒன்று இருக்கிறது. தங்க நூல் வேலைப்பாட்டுக்குக் கீழே கரிய கறை. பார்வையாளர்கள் கேட்டால் கம்பத்துத் துரு என்று சொல்வது வழக்கம். நானும், அது துரு இல்லை என்று தெரிந்தே, பல வருடங்களாக அப்படித்தான் சொல்லிவந்தேன். அடக்கம் முடிந்த வாரமே, சனிக்கிழமை, கோவளத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் அதன் முன் நின்றாள். மாமனார் பட்டாளத்தில் இருந்தவராம். "இன்னாக்கா இது, துருவா?" என்று கேட்டாள்.

துரு என்ற சொல் நாக்குவரை வந்துவிட்டது. நிர்வாகி பக்கத்து அறையில்தான் இருந்தார்.

"இல்லம்மா. ரத்தம்" என்றேன்.

"ஆரோடது?"

"தெரியாது. நாங்க இதுவரைக்கும் தேடலை. இனிமேதான் தேடணும்."

அவள் போன பிறகும் என் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. மாசிலாமணி அண்ணனிடமிருந்து எனக்கு வந்தது இந்த நடுக்கம். இதை நான் வைத்துக்கொள்கிறேன்.