வளைவில் உடைந்த பூசணிக்காய்

அறுபதுகளில், சம்பளத்துக்கு சைக்கிள் ஓட்டுகிறவர்களின் பந்தயம் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு பஸ் ஏறினேன். பக்கத்தில் கட்டை மீசைக்காரர் ஒருவர், மடியிலிருந்த திருஷ்டிப் பூசணிக்காயைத் தடவிக்கொண்டே வந்தார்.

"தம்பி ஓட்றான் சார். கண்ணு பட்டுடும். அவன் வர்ற நேரத்துல ஒடைக்கணும்."

விதி தெரியாமல் நான் வேடிக்கைகூடப் பார்ப்பதில்லை. "பந்தயச் சாலையில் எதையும் போடக்கூடாது," என்றேன்.

"சட்டத்துக்கு இன்னா சார் தெரியும்?"

செஞ்சியில் இறங்கி இருவரும் கோட்டை வளைவில் நின்றோம். சைக்கிள்கள் வருவதாக விசில் கேட்டதும் அவர் பூசணிக்காயைச் சாலையில் உடைத்துவிட்டார். குங்குமம் கலந்த சதை சாலையெங்கும் சிதறியது.

"சைக்கிள் வழுக்குமே ஐயா," என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. துண்டை உருவிக்கொண்டு நடுச்சாலையில் மண்டியிட்டு அள்ளத் தொடங்கினார். வளைவில் முதல் சைக்கிள் தெரிந்தது. கத்தினேன், அவர் நகரவில்லை. சக்கரம் நெருங்கிய பிறகே துண்டோடு ஓரத்துக்கு உருண்டார். சைக்கிள்கள் கூட்டமாய்ச் சீறிக் கடந்தன.

"எவனாச்சும் வுழுந்தானா சார்?"

"யாரும் விழவில்லை. உங்கள் தம்பி எப்படிப் போனார்?"

"நான் எங்க சார் பாத்தேன்?" என்றவர், மறுபடி சாலையில் இறங்கி மிச்ச ஈரத்தைத் துடைத்தார். "பின்னாலயும் பசங்க வருவாங்க."

அவர் தம்பி அந்தக் கூட்டத்தில் போனாரா, பின்னால் வந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.