நான் வாசிக்காத நாள்கள்

2025 பிப்ரவரி 12, புதன்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். வாசலில் நின்று பார்த்துவிட்டு நாட்குறிப்பில் முதல் வரி எழுதினேன்: காற்று வாடை, மிதம், தண்ணீர் வற்றுகிறது. பல் துலக்கி, காப்பி குடித்து, வலையில் நண்டு கடித்த இடங்களைத் தைத்தேன். பதினோரு கிழிசல். எட்டு மணிக்குப் பாடு நோட்டை எடுத்து அடுத்த முறைக்கான பெயர்களை எழுதினேன். என் தம்பியின் பெயர் இருக்கவேண்டிய வரியை, ஏழு மாதமாகச் செய்வதுபோல், காலியாக விட்டேன்.

பாடு என்பது ஏரியில் வலை கட்டும் முறை. இறால் ஓடும் இடங்களை ஊர்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. எங்கள் ஊர் முறை வரும் நாளில் சீட்டுக் குலுக்கி, வீட்டுக்கு ஒருவர் தன் இடத்தில் கம்பு நட்டு வலை கட்டுவார். வீட்டுக்காரரே வரவேண்டும். ஆள் மாற்றி அனுப்பக் கூடாது. அந்தக் கணக்கைப் பதினாறு வருடமாக நான்தான் எழுதுகிறேன். என் எழுத்தில் தப்பு இருக்காது என்று ஊரில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேரில் எனக்குப் பெருமையும் இருந்தது.

தம்பிக்கு மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. அந்த மழையில் ஊரில் பாதிப் பேருக்கு வந்தது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள், அவன் எழவில்லை. பொன்னேரிக்கும் சென்னைக்கும் பஸ் ஏறிப் பார்த்த எல்லாப் பரிசோதனையிலும் குறையில்லை என்றே வந்தது. வாரக்கணக்கில் பாயில் கிடப்பான். திடீரென்று ஒரு பாடு நாளில் எழுந்து வந்து, மற்றவர்களைப் போலவே வலை கட்டுவான். மறுநாள் கடைத்தெருவிலும் பார்க்கலாம். அதற்கு அடுத்த நாள் ஆளைக் காணோம்.

ஊர் வேலை அந்த அடுத்த நாளில்தான் வரும். பாடு முடிந்து வலை காய ஒரு நாள் விட்டு, முகத்துவாரத்தில் மம்முட்டி பிடித்து மண் வெட்டுவதோ படகு இழுப்பதோ அன்றைக்குத்தான் வைப்போம். அன்று எல்லாருடைய கையும் சும்மா இருக்கும். தம்பி மட்டும் வரமாட்டான்.

"எறா வாசனை பட்டா எழுந்துக்குறான்டா. மம்முட்டியப் பாத்தாதான் மயக்கம் வருது" என்று சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

போன ஆடி மாதம் ஊர்க்கூட்டம் போட்டார்கள். தலைவர் எனக்குச் சித்தப்பா முறை. "நோட்டுல இன்னா இருக்குதோ அத்தப் படி நைனா. தம்பினு பாக்காத" என்றார். நான் பார்க்கவில்லை. பாடு நோட்டையும் என் நாட்குறிப்பையும் வைத்துக்கொண்டு, அவன் பாடுக்கு வந்த தேதிகளையும் ஊர் வேலைக்கு வராத தேதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தேன். நிற்க முடியாமல் தம்பி மணலில் உட்கார்ந்திருந்தான். நீ என்ன சொல்கிறாய் என்று தலைவர் கேட்டார். "அண்ணன் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றான். ஊர் வேலைக்கு வரும்வரை அவனுக்குப் பாடு இல்லை என்று தீர்ப்பானது.

இந்தப் பிப்ரவரியில் சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா இரண்டு பேரோடு வந்து, எங்கள் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் மேசை போட்டார். காய்ச்சலுக்குப் பின் மாறாமல் தங்கிவிடும் களைப்பு எதனால் வருகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. ஏரிக்கரை ஊர்களில் அப்படிப்பட்டவர்களையும், ஒப்பிட்டுப் பார்க்க என்னைப் போல் நன்றாக இருப்பவர்களையும் கூப்பிட்டார். இரத்தம் எடுத்தார்கள். கைப்பிடி வைத்த ஒரு கருவியைக் கொடுத்து, விட்டு விட்டுப் பல தடவை அழுத்தச் சொன்னார்கள்.

முதல் நாள், செவ்வாய்க்கிழமை, தம்பி கிட்டத்தட்ட என் அளவுக்கே அழுத்தினான். ஜன்னலில் நின்ற ஒருவன், "டாக்டரம்மா, மெசினு பத்தரம்! இவனா சீக்காளி?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நாளைக்கும் இதே மாதிரி அழுத்தணும். அதுக்காகத்தான் ரெண்டு நாள்" என்றார்.

புதன்கிழமை பத்து மணிக்குத் தம்பியை அவன் மனைவி தோளில் தாங்கி அழைத்து வந்தாள். கருவியில் என்னுடைய எண் முந்தைய நாளைப் போலவே இருந்தது. அவனுடையது பாதிக்கும் கீழே போய், பிறகு விரல் மடங்கவே இல்லை. ஓரத்தில் பாய் விரித்துப் படுக்கவைத்தோம். முந்தைய நாள் கேலி செய்தவன் ஜன்னலை விட்டு நகர்ந்தான்.

"எந்த நாள் எவ்வளவு வேலை செஞ்சார், அதுக்கப்புறம் எப்படி இருந்தார்னு யாராவது குறிச்சு வெச்சிருக்கீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எங்க அண்ணன் வெச்சிருக்காரு" என்றான் தம்பி, கண்ணைத் திறக்காமல். "ஒரு நாளைக்கூட உடமாட்டாரு."

வீட்டுக்கு வந்தேன். நாட்குறிப்பை அப்படியே கொண்டுபோக முடியாது என்று எனக்குத் தெரியும். வெள்ளைத் தாளில் அளவுகோல் வைத்து மூன்று கட்டம் போட்டேன்: தேதி, வேலை, நிலை. எடுத்து எழுதத் தொடங்கினேன். 'மறுபடி படுக்கை நாடகம்' என்று இருந்ததை 'படுக்கையில்' என்று மாற்றினேன். 'கூப்பிட்டால் காது கேட்காதவன்போல் கிடக்கிறான்' என்பதை 'பேச முடியவில்லை' என்று எழுதினேன். 'அவன் மனைவி இரண்டு குடம் தூக்கிப் போகிறாள், இவனுக்கு வெட்கமில்லை' என்பதற்கு மூன்றாம் கட்டத்தில் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

இரண்டாவது தாள் முடிவதற்குள் தெரிந்துவிட்டது. பாடு நாள், மறுநாள், அதற்கடுத்த நாள். ஒரு தடவைகூடத் தவறாமல் அந்த அடுத்த நாளில் விழுந்து, நான்கைந்து நாள் கிடந்திருக்கிறான். எல்லாம் என் கையெழுத்து. கூட்டத்தில் நான் வாசித்த தேதிகளுக்கு நடுவே இந்தப் படுக்கை நாள்களும் அதே பக்கங்களில் இருந்தன. விரல் வைத்துத் தாண்டிப் போயிருந்தேன்.

மூன்று மணிக்குத் திரும்பிப் போய்த் தாள்களைக் கொடுத்தேன். தம்பி அதே பாயில்தான் கிடந்தான், பக்கத்தில் அவன் மனைவி. டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு ஒழுங்கா யாரும் குடுத்ததில்ல சார். அந்த நோட்டையே ஒரு தடவை பார்க்கலாமா?" என்றார்.

"அதுல வீட்டு விஷயமெல்லாம் இருக்கும்மா" என்றேன்.

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். "பாடுக்குப் போறதுக்கே மூணு நாளு அசையாமப் படுத்துக் கெடப்பாரு மாமா. தெம்பு சேத்து வெக்கிறேன்னு சொல்லுவாரு. அதையும் எழுதினீங்களா?"

அதையும் எழுதியிருந்தேன். வேறு வார்த்தைகளில்.

பேச்சை மாற்றவே, இது எதனால் வருகிறது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தெரியல சார். உடம்பு சக்தி எடுக்கிற விதத்துல பழுதா, காய்ச்சலோட போராடின எதிர்ப்புசக்தி இன்னும் அடங்கலையா, நரம்பான்னு பல பேர் பல பக்கம் தேடறோம். இதான்னு கைகாட்ட இன்னும் முடியல. ஆனா வேலை செஞ்ச அன்னிக்குத் தெரியாம, அப்புறம் வந்து தள்ளும். அது நிஜம். சாதாரண டெஸ்ட்ல தெரியாததால நடிக்கிறாங்கன்னு நிறைய வீட்ல சொல்லிடறாங்க."

நான் தலையாட்டினேன். எங்கள் வீடும் அதில் ஒன்று என்று சொல்லவில்லை. தம்பி விழித்துத்தான் இருந்தான், அவனும் சொல்லவில்லை. அவனை வீட்டில் விட்டுத் திரும்பும்போது, "தாளு போட்டுக் குடுத்தியாண்ணா? ரொம்ப நேரம் ஆயிருக்குமே" என்றான். ஆமாம் என்றேன்.

அன்றிரவு நாட்குறிப்பில் எழுதியது ஒரே வரி: அழுத்தும் சோதனை, இரண்டாம் நாள், தம்பியால் முடியவில்லை. அதன் கீழே இன்னொரு வரி எழுத நினைத்து, பேனாவை மூடிவிட்டேன்.

மறுநாள் நாலே முக்காலுக்கு எழுந்தேன். காற்றைப் பார்க்கவில்லை. மூன்று வருட நாட்குறிப்புகளையும் பாடு நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் துடுப்பை எடுத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, விடியறதுக்குள்ள?"

"கூட்டம் போடணும் சித்தப்பா. தம்பி பாடு விஷயம். நான் பாதிதான் படிச்சேன்."

"நீயா?" துடுப்பைக் கீழே வைத்தார். "நீ ஒரு எழுத்து உடமாட்டியே."

"எழுதினதுல விடல. படிக்கறப்ப விட்டேன். அவனுக்குப் பதிலா நான் வலை கட்டலாமானு ஊரக் கேக்கணும். அதுக்கு முன்னாடி நீங்க இதக் கேளுங்க."

"உங்க ரெண்டு பேரு எடத்துக்கும் நீயே போவியா?"

"போறேன்."

அவர் உட்கார்ந்தார். முதல் நோட்டைத் திறந்து, தம்பி விழுந்த முதல் நாளிலிருந்து, நான் எழுதிய வார்த்தைகளை மாற்றாமல் வாசிக்க ஆரம்பித்தேன். உள்ளே சின்னம்மா அடுப்பு மூட்டுவதை நிறுத்திவிட்டுக் கதவருகே வந்து நின்றார்.